மூன்று தோட்டாக்களும் உடைந்த பல்லும்: ஜிம் கோர்பெட்டை மீண்டும் வாசித்தபோது

என் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு சன்னத் துண்டு இருக்கிறது. 2009ஆம் ஆண்டு மாசி மாதம், தேவிபுரத்தில் பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் எடுக்க வெளியே வந்தபோது அது உள்ளே போனது. நரம்புக்குப் பக்கத்தில் கிடப்பதால் எடுப்பதைவிட விடுவதே நல்லது என்று பின்னர் வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். மழைக்காலத்தில் மட்டும் தான் இருப்பதை அது ஞாபகப்படுத்தும். யாருடைய துவக்கிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சுட்டவருக்கும் அது எங்கே போய் நின்றது என்று தெரிந்திருக்காது.

சில மாதங்களுக்கு முன்னர் ஜிம் கோர்பெட்டின் வேட்டைக் கதைகளை மீண்டும் எடுத்து வாசித்தேன். சிறு வயதில் வாசித்தபோது அவை வெறும் சாகசக் கதைகள். அட்டையில் பெரிய புலிப் படம் போட்ட அந்தப் புத்தகத்தைச் சோதனைச்சாவடிகள் பெருகிய காலத்தில் வீட்டில் வைத்திருக்கவே அம்மா பயந்தார். ஒருநாள் அது காணாமல் போனது. அடுப்புக்குத்தான் போயிருக்க வேண்டும். இந்த முறை வாசிக்கும்போது சாகசம் என் கண்ணில் படவில்லை. ஒரு பெண்புலியின் உடைந்த பற்களே பட்டன. அந்தப் பற்களை உடைத்ததும் யாரோ ஒருவர் சுட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போன வெடிதான்.

கோர்பெட்டின் வாழ்க்கையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே சொல்ல விரும்புவது அவர் எந்தத் துவக்கை, எந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார், அந்தத் தெரிவு அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதை மட்டும்தான்.

அவர் 1875ஆம் ஆண்டு ஆடி மாதம் 25ஆம் திகதி இமயமலையடிவாரத்தின் நைனிதாலில் பிறந்தார். தந்தை அந்த ஊரின் தபாலதிபர். பிள்ளைகள் நிறைந்த வீடு. ஜிம்முக்கு ஆறு வயது நிறைவதற்கு முன்னரே, 1881இல், தந்தை இறந்துவிட்டார். குளிர்காலங்களில் குடும்பம் கீழே காலாதுங்கிக்கு இறங்கிவிடும். அங்கே காடு வீட்டு வாசலில் இருந்தது. கவணில் தொடங்கிய பையன், பிறகு ஒரு பழைய இரட்டைக் குழல் துவக்குக்கு வந்தான். பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் கொடுத்த துவக்கு அது. வாய்வழியே மருந்தும் சன்னமும் இடித்து நிரப்பும் வகை. எங்கள் வன்னியில் இடியன் என்று சொல்வோமே, அந்த இனம்தான். வலது குழல் வெடித்துப் பிளந்திருந்தது. குழலையும் மரப்பிடியையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இரண்டு குழலில் ஒன்று மட்டுமே பாவிக்கலாம். ஒரு வெடி வைத்தால் அடுத்ததை நிரப்ப நேரமெடுக்கும். அதனால் கையில் இருக்கும் அந்த ஒரு வெடியை யோசித்துத்தான் வைக்கவேண்டும்.

எனது பெரியப்பாவிடமும் ஓர் இடியன் இருந்தது. அவர் முத்தையன்கட்டுக் காட்டில் பன்றிக்குப் போவார். வெடி பட்ட பன்றி ஓடிவிட்டால் அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடமாட்டார். விடிந்ததும் நாய்களைக் கூட்டிக்கொண்டு இரத்தத் தடம் பார்த்துப் போவார். காயம்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு வந்தால் நாளைக்கு விறகு பொறுக்கப் போகிற பெண்தான் அதற்கு விலை கொடுப்பாள் என்பது அவருடைய கணக்கு. கோர்பெட்டை அவர் வாசித்ததில்லை.

பள்ளியில் கோர்பெட் மாணவர் தொண்டர் படையில் இருந்தார். சிறுவனின் குறிபார்க்கும் திறமையைக் கண்ட படைச் சார்ஜன்ட் மேஜர் ஒரு .450 மார்ட்டினி றைபிளை விடுமுறைக்கு இரவல் கொடுத்தார். வேண்டிய அளவு தோட்டாவும் கொடுத்தார். இரண்டு நிபந்தனைகள். துவக்கைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். சுட்டு முடித்த வெற்றுக்கோதுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த றைபிளால்தான் அவர் தன் முதலாவது சிறுத்தையைச் சுட்டார். அந்த வெற்றுக்கோதுகளைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். கடைசியில் அவற்றிடம் திரும்பி வருவேன்.

குடும்பத்துக்கு வருமானம் வேண்டியிருந்ததால் பதின்ம வயதிலேயே ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கங்கைக் கரையில் மொக்கமா காட் என்ற இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தை எடுத்து இருபது வருடங்களுக்கு மேலாக நடத்தினார். விடுமுறைக்கு மலைக்கு வரும்போதுதான் வேட்டை.

1907இல் சம்பாவத் ஆட்கொல்லியைச் சுடும்படி அவரிடம் கேட்டார்கள். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. அந்தப் பெண்புலி நேபாளத்தில் ஏறத்தாழ 200 பேரைக் கொன்றது. அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவுனுக்குள் வந்து 236 பேரைக் கொன்றது. மொத்தம் 436. பெரும்பாலும் புல் அறுக்கவும் விறகு எடுக்கவும் போன பெண்கள். கோர்பெட் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். புலியின் தலைக்கு அரசாங்கம் அறிவித்த சன்மானத்தை இரத்துச் செய்யவேண்டும். காட்டில் அலையும் மற்ற வேட்டைக்காரர்களையும் படையினரையும் திருப்பி அழைக்கவேண்டும். காசுக்காகச் சுடுகிறவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. வேறு யாருடைய வெடியாவது தன்மீது படுவதையும் விரும்பவில்லை.

சம்பாவத்தில் புலி கடைசியாகக் கொன்றது பதினாறு, பதினேழு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியை. அடுத்த நாள் தாசில்தார் 298 ஆண்களைத் திரட்டினார். அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு வைத்திருந்தாலும் கொண்டுவரலாம், கேட்கமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். பழங்காலத் துவக்குகளெல்லாம் வெளியே வந்தன. மலைச்சரிவில் நின்று பறையடித்து, கல்லுருட்டி, வெடி வைத்துப் புலியைக் கீழே துரத்துவது திட்டம். கோர்பெட் கீழே காத்திருந்தார். கையில் .500 இரட்டைக் குழல் றைபிள். சட்டைப்பையிலும் குழலிலுமாக மூன்றே மூன்று தோட்டாக்கள். இரண்டுக்கு மேல் சுடச் சந்தர்ப்பம் வராது, மூன்றாவது அவசரத்துக்கு என்று நினைத்திருந்தார்.

கணக்குப் பிழைத்தது. முதலாவது வெடி, மறைந்துபோகும் புலியின் பின்னால் நம்பிக்கையில்லாமல் வைத்தது. அது படவில்லை. இரண்டாவது பட்டது, ஆனால் உடம்பின் பின்பக்கம் தள்ளி. மூன்றாவது தோளில் பட்டது.    புலி இன்னும் நின்றுகொண்டிருந்தது. பற்களைக் காட்டி அவரைப் பார்த்தது. றைபிளில் ஒன்றும் இல்லை. அவர் சரிவில் ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துவக்கைப் பறித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதன் குழலுக்கும் பின்கட்டைக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருந்தது. இருபது அடித் தூரத்தில் புலியின் திறந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். சன்னம் முன்னங்காலில்தான் பட்டது. ஆனால் அதற்குள் முந்திய காயங்களால் அது முடிந்துபோயிருந்தது.

கோர்பெட் பின்னர் அதன் வாயைப் பார்த்தார். வலது பக்க மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க் கோரைப்பல் எலும்புவரை போயிருந்தது. பழைய வெடிக்காயம். அதனால் தனக்குரிய இரையைக் கடித்துக் கொல்ல அதனால் முடியவில்லை. மெதுவாக ஓடும், தோல் மெல்லிய, கொம்பில்லாத ஒரு பிராணியை அது கண்டுபிடித்தது. யாரோ ஒருவர், எங்கேயோ, பொருத்தமில்லாத ஒரு வெடியைச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். அவருக்குப் பெயர் இல்லை. அந்த 436 பேரின் கணக்கில் அவரும் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவே வந்திருக்காது.

தோட்டா என்றால் என்ன என்பதை எங்கள் தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை. கோது, அதன் அடியில் பொறி, உள்ளே மருந்து, நுனியில் சன்னம். ஆனால் வேட்டைக்காரர் அதைத் தெரிவுசெய்யும் விதம் நாங்கள் அறிந்ததல்ல. பிரித்தானியாவில் ஆட்டுக்குட்டிகளைப் பிடிக்கும் நரிகளைச் சுடுகிற விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். நரி ஆறேழு கிலோதான் இருக்கும். அதற்கு .22 ஹோர்னெட், .222, .223 போன்ற சிறிய, வேகமான தோட்டாக்கள் போதும். சன்னம் மூன்று, நான்கு கிராம். நுனி மெதுவானது. உடம்புக்குள் போனதும் உடைந்து நின்றுவிட வேண்டும். நரி அந்த இடத்திலேயே விழவேண்டும். சன்னம் மறுபக்கம் வெளியேறி அயல் தோட்டத்துக்குப் போகக்கூடாது. நரிக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் பொறுப்புள்ளவர் சுடமாட்டார். காற்று, தூரம், பின்னால் என்ன இருக்கிறது, தவறினால் எங்கே போகும். விசையை அழுத்துவதற்கு முன்னர் இவ்வளவு கேள்விகள். ஒரு நரிக்கு.

அந்த .223 தோட்டா, 5.56 மில்லிமீற்றர் இராணுவத் தோட்டாவின் கூடப் பிறந்தது. வடிவம் ஏறத்தாழ ஒன்று. கேள்விகள் வேறு.

சம்பாவத்துக்குப் பிறகு மாகாண லெப்டினன்ட் கவர்னர் சேர் ஜோன் ஹியூவெட் கோர்பெட்டுக்கு ஒரு றைபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பனி செய்த .275. அதன் பிடியில் ஒரு சிறு வெள்ளித் தகட்டில் பரிசின் காரணம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் தோட்டா வேட்டைக்காகப் பிறந்ததல்ல. 1890களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் மவுசர் கம்பனி படைகளுக்காக உருவாக்கிய 7 மில்லிமீற்றர் தோட்டா அது. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் போயர் விவசாயிகள் அதே தோட்டாவால் பிரித்தானியப் படையினரைத் தூரத்திலிருந்து வீழ்த்தினார்கள். பிரித்தானியர் அதன் திறமையைத் தங்கள் உடம்பில் அறிந்தார்கள். பிறகு ரிக்பி அதற்கு .275 என்று ஆங்கில அளவில் பெயர் மாற்றி, 11 கிராம் சன்னத்துக்குப் பதிலாக 9 கிராம் சன்னத்தைப் போட்டு, கனவான்களுக்கு வேட்டைத் துவக்காக விற்றது.

இதில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற இடத்து ஆயுதச்சாலையில், உடம்பில் பட்டதும் விரிகிற சன்னங்களைச் செய்தார்கள். எல்லைப்புறப் போர்களில் அவற்றை மனிதர்மீது பாவித்தார்கள். 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் அத்தகைய சன்னங்களைத் தடை செய்தன. காரணம், தேவைக்கு மீறிய வேதனை. ஆனால் வேட்டையில் விரிகிற சன்னம்தான் இரக்கமானது. முழுக்கவசச் சன்னம் மானின் உடம்பை ஊசிபோலத் துளைத்துப் போய்விடும். மான் ஓடிப்போய்ப் பற்றைக்குள் நாட்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். மிருகத்துக்கு விரைவான சாவு கருணை. மனிதனுக்கோ காயத்தோடு பிழைக்கும் வாய்ப்புத்தான் கருணை என்று சட்டம் எழுதினார்கள். அந்த வாய்ப்புக் கிடைத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டில் எது கருணை என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் சுடுகிறவர் யோசித்திருக்க வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுபடுகின்றன.

கோர்பெட் பிறகு இரண்டு றைபிள்களை நம்பினார். ஒன்று அந்த .275. மற்றது .450/400 இரட்டைக் குழல். அது 26 கிராம் சன்னத்தைத் தள்ளும். பாய்ந்து வரும் புலியை நிறுத்தும் பலம் அதற்கு உண்டு, ஆனால் பாரம். ஒரு நாளைக்கு இருபது மைல் மலை ஏறி இறங்குகிறவனுக்குக் கைகளில் பாரம் என்பது களைப்பு. களைத்த கை தவறும். இலகுவான .275 தோளில் கிடப்பதே தெரியாது. அடிக்கிற இடம் சரியாக இருந்தால் 9 கிராமே போதும். அடிக்கிற இடம் பிழைத்தால் 26 கிராமும் போதாது. 1930 சித்திரையில் சௌகார் பெண்புலியை அவர் அந்த .275ஆல் ஒற்றைக் கையால் சுட்டார். மற்றக் கையில் சற்று முன்னர் எடுத்த இரண்டு பக்கிக்குருவி முட்டைகள் இருந்தன. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியபோது சில அடி தூரத்தில் புலி படுத்திருந்தது. றைபிளை மிக மெதுவாக அதன் பக்கம் வளைத்துத் திருப்பினார். பாரமான துவக்காக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

ருத்ரப்ரயாக் சிறுத்தையின் கதை இன்னும் கசப்பானது. 1918 முதல் 1926 வரை எட்டு வருடங்கள், 125 பேர். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதை முழுவதும் இருட்டியதும் கதவு அடைத்தது. அந்த மலைகளில் துவக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் அனுமதி பெற்ற துவக்குகள் இருந்தன. 1921இல் இளம் இராணுவ அதிகாரிகள் இருவர் அலகநந்தா ஆற்றின் தொங்குபாலத்தில் இரவிரவாகக் காத்திருந்து அதைச் சுட்டார்கள். இரத்தம் கண்டார்கள். உடலைக் காணவில்லை. சில மாதங்கள் ஊர் மூச்சுவிட்டது. சிறுத்தை திரும்பி வந்தது. ஊடகமும் அரசாங்கமும் விவாதித்துக்கொண்டிருக்க, கோர்பெட் கடைசியில் கோலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தில் பத்து இரவுகள் உட்கார்ந்தார். பதினோராவது இரவு, கீழே கட்டியிருந்த ஆட்டின் மணிச்சத்தம் கேட்டு ரோர்ச்சை அடித்து .275ஆல் ஒரே வெடி. விடிந்தபின் கீழே பார்த்தபோது கிடந்தது வயதுபோன, பல் தேய்ந்த ஒரு சிறுத்தை. பின்னங்காலில் பழைய வெடிக்காயத்தின் வடு. பாலத்தில் சுட்ட வெடி கால்விரலைத்தான் எடுத்திருந்தது.

அவருடைய கடைசி ஆட்கொல்லி, 1938இல் சுட்ட தக் பெண்புலி. அதன் உடம்பிலும் இரண்டு பழைய வெடிக்காயங்கள். தோளில் இருந்தது சீழ்பிடித்திருந்தது. முள்ளம்பன்றி முட்கள் குத்தி ஆட்கொல்லியான புலிகளும் உண்டு. முக்தேசர் பெண்புலி அப்படி ஒரு கண்ணையே இழந்திருந்தது. ஆனால் கவனமின்றிச் சுட்டுவிட்டு, காயம்பட்ட மிருகத்தைத் தேடிப்போகாமல் விடுவதுதான் ஆட்கொல்லிகள் உருவாக முக்கிய காரணங்களில் ஒன்று என்று அவர் முடிவுக்கு வந்தார். அவரே அந்தத் தவறைச் செய்யும் நிலை வந்தது. 1929இல் தல்லா தேஸ் பெண்புலியைச் சுட்டார். அது காயத்தோடு ஓடியது. அப்போது அவருடைய காதுக்குள் கட்டி பழுத்து, முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் நாட்கணக்கில் அதன் பின்னால் போய் முடித்துவிட்டுத்தான் திரும்பினார். தன் வெடியால் புதிதாக ஓர் ஆட்கொல்லி கூடுதலாகக் கொல்லக்கூடாது என்பதே அந்தப் பிடிவாதம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

அவரை மகானாக்க நான் வரவில்லை. அவர் வெள்ளை ஆட்சியின் பிள்ளை. கவர்னர்களுக்கும் வைஸ்ராய்க்கும் வேட்டை ஒழுங்குசெய்தவர். மனிதரைத் தொடாத புலிகளையும் சுட்டார். பொவல்கர் என்ற இடத்தில் 1930இல் அவர் சுட்ட பெரிய ஆண்புலி யாரையும் கொன்றதில்லை. அதன் பருமனே அதன் குற்றம். ஆனால் மாறவும் தெரிந்தவர். ஒருமுறை கூட வந்த இராணுவ அதிகாரிகள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான நீர்ப்பறவைகளைச் சுட்டுக் குவித்ததைப் பார்த்து வெறுப்படைந்தார். மெல்ல மெல்லத் துவக்கைவிடக் கமராவை அதிகம் தூக்கினார். 1936இல் இந்தியாவின் முதலாவது தேசியப் பூங்கா உருவாக அவர் உழைத்தார். அவர் இறந்த பிறகு, 1957இல், அதற்கு அவருடைய பெயர் வைத்தார்கள்.

போரையும் அவர் கண்டார். 1917இல் 500 குமாவுனியரைத் தொழிலாளர் அணியாகப் பிரான்சுக்குக் கூட்டிப்போனார். ஒருவரைத் தவிர எல்லோரையும் திருப்பிக் கூட்டி வந்தார். இரண்டாம் உலகப்போரில் படையினருக்குக் காட்டில் பிழைக்கப் பழக்கினார். 1944இல் குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய அவருடைய முதல் பெரிய புத்தகம் வெளிவந்து உலகெங்கும் விற்றது. 1947இன் இறுதியில், எழுபத்திரண்டு வயதில், சகோதரி மகியோடு பிறந்த மண்ணை விட்டுக் கென்யாவுக்குப் போனார். அவரை யாரும் துரத்தவில்லை. தன் ஆட்சி போன பிறகு தனக்கு இடமிருக்குமா என்ற பயமே துரத்தியது. சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தில் தன் காணியைப் பயிர்செய்தவர்களிடமே விட்டுவிட்டார். 1955 சித்திரை 19ஆம் திகதி நியேரியில் காலமானார். அந்த .275 றைபிள் இன்று அதைச் செய்த கம்பனியிடமே இருக்கிறது.

இனி அந்த வெற்றுக்கோதுகள். பத்து வயதுப் பையனுக்கு இரவல் துவக்குக் கொடுத்த சார்ஜன்ட் மேஜர், ஒவ்வொரு கோதையும் திருப்பிக் கேட்டார். அநேகமாக அது வெறும் களஞ்சியக் கணக்குத்தான். ஆனால் தான் வைத்த ஒவ்வொரு வெடிக்கும் யாருக்கோ கணக்குச் சொல்லவேண்டும் என்று அந்தப் பையன் அங்கே பழகியிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரியப்பாவை யாரும் கேட்கவில்லை. அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்.

மீள்குடியேறி முதல் வருடம், எங்கள் ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் சாக்கோடு காணிகளுக்குள் இறங்குவார்கள். பித்தளைக் கோதுகள் பொறுக்குவார்கள். பழைய இரும்பு வாங்குகிறவர் சைக்கிளில் வந்து நிறுத்துப் பார்த்து எடுத்துப் போவார். என் அக்காவின் மகனும் பொறுக்கினான். ஒரு பின்னேரம் அவன் சாக்கைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். சிறியதும் பெரியதுமாக, எல்லாப் பக்கத்துக் கோதுகளும் அதற்குள் கலந்து கிடந்தன. கிலோவுக்கு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். எத்தனை என்று கேட்டு ஒருவரும் வரவில்லை.